பதில் சொல்லாத ரிமோட்

அந்த ரிமோட்டின் தலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒருமுறை மினுக்கும். கீழே ஹாலில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா, அது அதன்படி செய்ததா, முதலில் அதற்குக் கரண்ட் இருக்கிறதா என்பதற்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரி தீரும்வரை எதற்கும் தலையாட்டும். இதை எங்கள் வீட்டில் புரிந்துகொள்ள எதிர்வீட்டில் ஒரு சாவு விழ வேண்டியிருந்தது. அந்தச் சாவில் பழியை நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் வீடு நன்னிலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. மாமனார் நிலத்தைப் பார்க்கிறார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கணவர் கும்பகோணத்தில் வேலைக்குப் போய் வருகிறார். மாடி எடுத்துக் கட்டியபோது அவர் ஆசை ஆசையாகத் தஞ்சாவூரில் ஒரு கடையிலிருந்து ஆடியோ சிஸ்டம் வாங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயர் ஹால் அலமாரியில். ஸ்பீக்கர்கள் ஹாலில், சமையலறையில், மாடி முன்னறையில், பிறகு வாசல் போர்டிகோவில் தெருவைப் பார்த்தபடி இரண்டு. ரிமோட் சுவரைத் தாண்டியும் வேலை செய்யும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து அமுக்கி, வாசலில் பாட்டு வருவதைக் காட்டுவார்.

ஒவ்வொரு இடத்து ஸ்பீக்கருக்கும் ஒரே ஒரு பொத்தான். பாடிக்கொண்டிருந்தால் நிறுத்தும். நின்றிருந்தால் பாட வைக்கும். இன்னொன்றையும் வசதி என்று சொல்லுவார்: கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து அதுவாகவே தொடங்கிவிடும். இந்த இரண்டு வசதிகளையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்லூரியில் படித்ததெல்லாம் கல்யாணத்தோடு பெட்டியில் போய்விட்டது. இந்த சிஸ்டம் வாங்கும்போது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத இடத்தில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமோ என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றுவதுதான் என் சுபாவம். கேஸை மூடிவிட்டு மறுபடி போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். மகள் பிறந்த பிறகு இது இன்னும் கூடிப்போனது. அவள் தூங்கும்போது மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வரும். மனசு அடங்கும். குமிழும் பூட்டும் குழந்தையின் மூச்சும் கேட்டால் பதில் சொல்லும். அந்த ரிமோட் மட்டும்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்கு எதுவும் சொன்னதில்லை.

எதிர்வீட்டில் ஓர் அக்கா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர், அங்கன்வாடியில் வேலை. பிரசவம் முடிந்து நான் இந்த ஊருக்கு வந்து யாரோடும் ஒட்டாமல் இருந்த நாட்களில், சாயங்காலமானால் தெருவைத் தாண்டி வந்து, "குடு அவள. நீ போய் தலைய சீவிக்கிட்டு ஒரு காபி குடி" என்று பாப்பாவை வாங்கிக்கொள்வார். நான் இந்த ஊரில் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் திருவாரூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். மீதி நாள் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் போர்டிகோவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என் கணவர் பாட்டுப் போட்டால் கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் சத்தம் என்று சைகை காட்டுவார். பிடிக்காத பாட்டென்றால், "தம்பி, மாத்து. இதக் கேட்டா இருக்கிற கொஞ்ச ரத்தமும் சுண்டிடும்" என்பார்.

அவர்தான் போனார். ஆடி மாதம், காற்று மாமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள்.

அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் மாடிப் பின்னறையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். கணவர் வண்டியைத் துடைக்கும்போது வாசலில் பாட்டைப் போட்டுவிட்டு, அப்படியே ஓடவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அது அவர் வழக்கம். போடுவது அவர், நிறுத்துவது நான். மாமனார் நடவு வயலுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் பாட்டு நின்றது. அத்தை நிறுத்தியிருப்பார் போல என்று நினைத்தேன். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதனால் கரண்ட் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபேனும் விளக்கும் இன்வெர்ட்டரில் ஓடும். ஆம்ப்ளிஃபயர் அதிகம் இழுக்கும் என்று அதை இன்வெர்ட்டரில் சேர்க்கவில்லை. காற்றில் எங்கோ ஒரு கிளை கம்பியில் விழுந்திருக்கிறது.

பிறகு அந்த அக்காவின் குரல் கேட்டது. அது சொல்லிப் புரிய வேண்டிய குரல் இல்லை.

மாடி முன்பக்கம் ஓடிவந்து பார்த்தேன். தெருவில் பெண்கள் எதிர்வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அண்ணன் போயிட்டாரும்மா. நீ பாப்பாவ வச்சுக்கிட்டு வாசப் பக்கம் வராத. பின் ரூம்ல கதவ சாத்திக்க. பாட்டு கீட்டு எதுவும் சத்தம் வரக் கூடாது, பாத்துக்க."

பால்குடிக் குழந்தையோடு சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது. உடம்பைத் தெருவிலிருந்து எடுக்கிறவரை எந்த வீட்டிலும் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. எங்கள் தெருவில் சண்டைக்காரன் வீட்டுச் சாவுக்குக்கூட இதை மீற மாட்டார்கள். பாட்டு நிற்காமல் சத்தம் மட்டும் குறைந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ என்ற சந்தேகத்தில் நான் ரிமோட்டை எடுத்து வாசல் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. பாட்டு எதுவும் கேட்கவில்லை. சரி, நின்றுதான் இருக்கிறது என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தை சொன்னதை அப்படியே செய்தேன்.

நான் அமுக்கியது கரண்ட் இல்லாத ஆம்ப்ளிஃபயரை.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பாப்பா சிணுங்கலுக்கு நடுவே, சாத்திய கதவுக்கு அப்பால், எங்கோ தவில் மாதிரி ஒரு தாளம் கேட்டது. ஆடி மாதத்தில் சுற்று வட்டாரத்தில் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் குழாய் கட்டிப் பாடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்து ஊர்க் கோயிலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நம் வீடோ என்றும் நினைத்தேன். போய்ப் பார்க்கலாம் என்றால் முன்பக்கம் வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினேன். தாளம் நின்றது.

அப்படியென்றால் அது எங்கள் வீட்டுப் பாட்டுதான். சரி, நின்றுவிட்டது. நின்றுவிட்டதா? ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க நடுவில் ஓர் இடைவெளி வருமே, அதுவாக இருந்தால்? ஃபேன் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாப்பா காதுக்குப் பக்கத்தில் அழுகிறாள். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது? உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று இன்னொரு முறை அமுக்கினேன். தாளம் வந்தது. அமுக்கினேன். நின்றது.

அதற்கு மேல் எனக்கு அந்தச் சனியன் மேல் நம்பிக்கை இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ப்ளக்கையே பிடுங்கினேன். நிமிர்ந்தால் அத்தை வாசல்படியில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க முகங்கள்.

"என்னடி பண்ணின?" என்றார் அத்தை. அவர் என்னை டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

தெருவில் நின்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் உடம்பை வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். சங்கும் சேகண்டியும் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் போர்டிகோவில் ஒரு குத்துப்பாட்டு பாதியிலிருந்து கிளம்புகிறது. நிற்கிறது. மறுபடி கிளம்புகிறது. மறுபடி நிற்கிறது. மறந்துபோய் ஓடவிட்ட பாட்டென்றால்கூட மன்னிப்பார்கள். இது யாரோ வேண்டுமென்றே போட்டுப் போட்டு விளையாடின மாதிரி இருந்திருக்கிறது.

உடம்பை எடுத்து, எல்லோரும் குளித்து, வீடு அடங்கிய பிறகு கணவர் மாடிக்கு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

"விடு. அப்பா சமாளிச்சுட்டாரு."

"என்னன்னு?"

"பாப்பா கையில ரிமோட்ட குடுத்துட்டே, அது அமுக்கிடுச்சுன்னு சுடுகாட்டுலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. மருமக சின்னப் பொண்ணு, வெவரம் பத்தாது, மனசுல வச்சுக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்த அக்கா தம்பிகிட்டயும் சொல்லியாச்சு."

"நான் பாப்பா கையில எப்பங்க குடுத்தேன்?"

"குடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

"நடந்ததச் சொல்லலாமே."

"என்ன நடந்துச்சு? நீ திரும்பத் திரும்ப அமுக்கின. அதச் சொல்றதா? பூட்டின கதவ இழுத்து இழுத்துப் பாக்குற ஆளு நீ. ஒரு தடவ அமுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்த வம்பே இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். மாமனார் எனக்காகத்தானே கும்பிட்டார், அவர் வயசென்ன, நான் எதிர்த்துப் பேசினால் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம். ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ, என் நடுக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்று இன்னொரு பக்கம். அடுத்து வந்த நாட்களில் பாத்திரம் கழுவும்போதும் பாப்பாவுக்கு ஊட்டும்போதும் அன்றைக்கு அமுக்கியதையெல்லாம் வரிசையாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் கையில் ரிமோட்டைக் கொடுத்து வேடிக்கை பார்த்த தாய். எதிர்வீட்டில் பிணம் கிடக்கும்போது. அந்த அக்கா என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் யாரும் தெருவைத் தாண்டி வரவில்லை. துக்க வீடு, எப்படி வருவார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர்கள் வீட்டு வாசல் பக்க ஜன்னல், எப்போதும் திறந்திருக்கும் ஜன்னல், சாத்தியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போனபோது நான் கீழே இறங்கினேன். வாசல் ஸ்பீக்கரின் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். பாட்டை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். பாட்டு நின்றது. ஃபேன் ஓடியது. ரிமோட்டை அமுக்கினேன். சிவப்பு விளக்கு அழகாக மினுக்கியது. மெயினைப் போட்டேன். சற்று நேரத்தில் பாட்டு தானாகவே தொடங்கியது.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் ஒரே ஒருமுறை அமுக்கிவிட்டுச் சும்மா இருந்திருந்தால், கரண்ட் வந்ததும் அந்தப் பாட்டு முழுசாக, அதற்கடுத்த பாட்டு முழுசாக, யாராவது ஓடிவந்து பிடுங்குகிறவரை பாடியிருக்கும். நான் சந்தேகப்பட்டு மறுபடி அமுக்கியதால்தான் முதலில் அது நின்றது. எந்தச் சுபாவத்துக்காக என்னைத் திட்டினார்களோ அதுதான் அன்றைக்குக் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரை உட்காரவைத்து இதைச் செய்து காட்டினேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இதுக்குத்தான் இருவழி ரிமோட்டுன்னு ஒண்ணு இருக்கு," என்றார். "நாம சொல்றது அங்க போகும். அங்க என்ன நடக்குதுன்னு திரும்பி இங்க வரும். சின்னதா ஸ்க்ரீன் இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கடையிலயே காட்டினாங்க. இந்த செட்டுக்குப் பொருந்தும்."

"அப்புறம் ஏன் வாங்கல?"

"பாட்டு ஓடுதா இல்லையான்னு காதுக்குத் தெரியாதா, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஸ்க்ரீன்னு விட்டுட்டேன்."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"உங்க காது எப்பவும் ஸ்பீக்கருக்கு எதிர்ல இருக்கு. சோபாவுல உக்காந்து கேக்குறீங்க, உங்களுக்குத் தெரியும். நான் என்னைக்காவது அந்த சோபாவுல உக்காந்து ஒரு பாட்டு கேட்டிருக்கேனா? நீங்க போட்டுட்டுப் போற பாட்ட வேற ரூம்ல நின்னுக்கிட்டு நிறுத்துறவ நான். எனக்கு எந்தக் காதுல தெரியும்?"

வாசலில் மாமனார் இருமினார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு அன்று முழுக்க, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று தவித்தேன், அது வேறு விஷயம். அடுத்த வாரம் அவர் தஞ்சாவூர் போய் இருவழி ரிமோட்டோடு வந்தார்.

அதைப் பற்றிச் சொல்கிறேன். இப்படி ஒன்று எதற்கு என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கையடக்கமான பொருள். மேலே உள்ளங்கை அகலத்துக்குத் திரை. எந்தெந்த இடத்தில் பாடுகிறது, எவ்வளவு சத்தம், எது நின்றிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். நிறுத்தச் சொன்னால் நம் விரலைப் பார்த்து மினுக்காது. ஆம்ப்ளிஃபயர் நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டேன் என்று தகவல் அனுப்பிய பிறகுதான் திரையில் மாறும். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லையென்றால், தொடர்பு இல்லை என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடும். பாட வைக்க ஒரு பொத்தான், நிறுத்த வேறு பொத்தான். நிறுத்தும் பொத்தானை என்னைப் போன்றவள் நூறு தடவை அமுக்கினாலும் பாட்டு நின்றே இருக்கும். பாப்பாவைத் தூங்கவைத்த அறையில் இருந்தபடியே, மாடி முன்னறையில் சத்தம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துக் குறைக்கிறேன். மாமனார் விடியலில் சமையலறை ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டால், கீழே இறங்காமலே தெரிந்துகொள்கிறேன். பாட்டு கேட்கிறவருக்கு இது ஆடம்பரமாக இருக்கலாம். வீட்டில் சத்தத்துக்கும் மௌனத்துக்கும் யார் பொறுப்போ அவளுக்கு இது கண். கடையில் காட்டியபோதே வாங்கியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது வந்துவிட்டதால் நடந்தது நடக்காமல் போய்விடவில்லையே. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

காரியம் முடிந்து, அக்காவின் தம்பி குடும்பம் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, புது ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். போர்டிகோவில் மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். "எங்கம்மா?" என்றார். "எதிர்ல மாமா" என்றேன். தெருவின் நடுவில் போனபோது திரும்பிவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. கையில் ரிமோட்டோடு துக்கம் விசாரிக்கப் போகிற பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பொட்டில்லாத நெற்றி சட்டென்று வேறு யாரோ போல இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது.

"வா," என்றார். பாப்பாவுக்குக் கை நீட்டவில்லை.

"அக்கா, அன்னைக்கு நடந்தத உங்ககிட்ட சொல்லணும்."

"உங்க மாமனார் சொன்னாரே. புள்ள அமுக்கிடுச்சாமே."

"இல்லக்கா. புள்ள கையில நான் குடுக்கல." எப்படிச் சொல்வது என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. "ஒரு நிமிஷம், காட்டுறேன். சத்தம் ரொம்ப மெதுவா வச்சிருக்கேன். பாட்டு வரும். வரலாமாக்கா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வரட்டும். அதான் எல்லாம் முடிஞ்சுதே."

ரிமோட்டில் வாசல் ஸ்பீக்கரைப் பாட வைத்தேன். எங்கள் போர்டிகோவிலிருந்து மெல்லிசாகப் பாட்டு வந்தது. மாமனார் தலைக்கு மேலே பார்த்தார். நான் தெருவுக்கு இப்பாலிருந்து கூப்பிட்டேன்.

"மாமா, மெயின் சுவிட்ச ஒரு நிமிஷம் அணைச்சுட்டுப் போடுறீங்களா?"

"எதுக்கும்மா?"

"அக்காவுக்கு ஒண்ணு காட்டணும், மாமா."

அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. எழுந்து போனார். பாட்டு நின்றது. நான் திரையை அக்காவுக்குக் காட்டினேன். தொடர்பு இல்லை என்று இருந்தது. "இப்ப நான் என்ன அமுக்கினாலும் அதுக்குக் கேக்காது. அன்னைக்கு இருந்த ரிமோட்டுல இந்த எழுத்து இல்ல. வெறும் லைட்டு. கரண்டு இல்லாதது எனக்குத் தெரியல. அமுக்கினேன், நின்னுடுச்சுன்னு நெனச்சேன்." அதற்குள் மாமனார் மெயினைப் போட்டிருக்க வேண்டும். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. போர்டிகோவில் பாட்டு தானாகக் கிளம்பியது. அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "பாருங்க, நான் தொடவேயில்ல," என்றேன். பிறகு நிறுத்தினேன். வாசல் நின்றது என்று திரை சொன்னது. மறுபடியும் அதே பொத்தானை அமுக்கிக் காட்டினேன். நின்றது என்றேதான் சொன்னது. "பழசுல இப்படி அமுக்கினா பாடும். அதனாலதான் அன்னைக்கு விட்டு விட்டு வந்துச்சு. விளையாடலக்கா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டு விட்டு வந்ததுதான் எரிச்சலா இருந்துச்சு," என்றார். "இவரு எந்திரிச்சு உக்காந்திருந்தா, ஒண்ணு போடு, இல்ல நிறுத்து, என்னய்யா இதுன்னு கத்தியிருப்பாரு. அந்த நேரத்துலயும் எனக்கு அதுதான் தோணுச்சு. வெளிய சொல்ல முடியுமா?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவரும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு எடுத்தார். முகம் இறுகியிருந்தது.

"பாட்ட விடு. நீ ஏன் வரல?"

"பாப்பாவ வச்சுக்கிட்டு வரக் கூடாதுன்னு அத்தை..."

"புள்ளையத் தூக்கிட்டு உள்ள வரச் சொல்லல. அவர எடுக்கும்போது உங்க மாடியில வந்து நின்னிருக்கலாம். நான் நிமிர்ந்து பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு போன் பண்ணியிருக்கலாம். தெருவே உன்னப் பத்திப் பேசுது, நீ ஒரு வார்த்த பேசல. அப்ப நான் என்ன நெனைக்கிறது?"

அதற்குக் காட்ட என்னிடம் எந்தத் திரையும் இல்லை. மாமனார் ஒன்று சொல்லிவிட்டார், அதை மீறி எப்படிப் பேசுவது என்று இருந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. சொன்னால் அது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

"மாமா சொன்னத நான் எப்படிப் பொய்யின்னு சொல்றதுன்னு இருந்துட்டேன்க்கா."

நான் அதை மெதுவாகச் சொல்லவில்லை. எதிரில் மாமனார் போர்டிகோ படியில் வந்து நின்றிருந்தார். கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "குடு அவள," என்று பாப்பாவை வாங்கிக்கொண்டார். பாப்பா அவர் கையில் போனதும் ரிமோட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"குடுக்காத," என்றார் அக்கா. "அப்புறம் உங்க மாமனார் சொன்னது நெசமாயிடும்."

தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் கேட்டார், "என்னம்மா, முடிஞ்சுதா? பாட்டு நின்னுடுச்சா?"

நான் திரையைப் பார்த்தேன்.

"நின்னுடுச்சு மாமா," என்றேன். "அன்னைக்கு நான் புள்ள கையில ரிமோட்ட குடுக்கலன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் மத்தவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். இன்றுவரை யாரிடமாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சாப்பாடு பரிமாறும்போது ஒவ்வொரு நாளும் கேட்க நினைக்கிறேன். கேட்பேன்.